வயர்லெஸ் இணையம் நடத்துவோருக்கு: ரேடியோ, ஃபர்ம்வேர், சப்ளையர் சப்போர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் என் போனுக்கு வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் கூப்பிடுகிறார்களோ அத்தனை ஆபரேட்டர்களும் கூப்பிடுகிறார்கள். பக்கத்து ஊர்களில் என்னைப் போலவே டவர் போட்டு, ரேடியோ வழியாக வீடுகளுக்கு இணையம் கொடுப்பவர்கள் அவர்கள். ஒரு ரேடியோவுக்கும் இன்னொரு ரேடியோவுக்கும் இடையே உள்ள இணைப்பைத்தான் லிங்க் என்போம். "அண்ணே, லிங்க் நிக்க மாட்டேங்குது, கம்பெனிக்கு மெயில் போட்டு ஒரு வாரமாச்சு, பதிலே இல்ல." நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் பதினொரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரே கேள்விகளுக்கு ஒவ்வொரு வருடமும் பதில் சொல்வதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் சொந்த அனுபவத்தில் பட்டதைச் சொல்லும் இடங்களில் கம்பெனி பெயர் போடவில்லை. உலகத்துக்கே தெரிந்த விஷயங்களில் மட்டும் பெயர் இருக்கும்.

விலை குறைவாகக் கொடுத்தவர்கள் மேல் எதற்கு இவ்வளவு கோபம்?

நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000களில் வெளியில் மாட்டும் வயர்லெஸ் என்றால் மோட்டரோலாவின் கேனபி மாதிரியான பெட்டிகள்தான். உறுதியான சாமான், ஆனால் சிறு முதலாளி யோசித்துத்தான் வாங்க முடியும். ஆப்பிளில் வேலை பார்த்த ராபர்ட் பெரா தொடங்கிய யுபிக்விட்டி, சாதாரண வைஃபை சிப்பையே எடுத்து வெளிப்புற ரேடியோவாக்கி ஏர்மேக்ஸ் வரிசையைக் கொண்டுவந்தது. நானோஸ்டேஷன், ராக்கெட் எம்5 பெயரைக் கேட்காத ஆபரேட்டர் யாரும் இருக்க மாட்டார். ரூட்டருக்கு லாட்வியா நாட்டின் மைக்ரோடிக். இந்த இரண்டு கம்பெனியும் இல்லாமல் அமெரிக்கக் கிராமங்களிலும் சரி, நம் டெல்டாவிலும் சரி, கையில் கொஞ்சம் பணமும் ஒரு டவரும் வைத்திருப்பவன் இணையம் கொடுத்திருக்க முடியாது.

அந்த விலை சும்மா வரவில்லை. யுபிக்விட்டி தன் ஆண்டறிக்கைகளிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது: நேரடி விற்பனைப் படை கிடையாது, பயனர் சமூகம்தான் விளம்பரமும் உதவியும். அதாவது ராத்திரி 11 மணிக்கு லிங்க் விழுந்தால் போனை எடுக்க அங்கே ஆள் இல்லை. உங்களைப் போலவே தவித்த இன்னொரு ஆபரேட்டர் எழுதி வைத்த குறிப்புதான் துணை. பெட்டி வாங்கும்போதே இதைத் தெரிந்துதான் வாங்குகிறோம், அதனால் இதில் எனக்குப் புகார் இல்லை. மின்சாரச் சாமான் என்றால் கெடும், அதிலும் புகார் இல்லை.

குறை இருப்பது கம்பெனிக்குத் தெரிந்திருக்கும். நமக்குச் சொல்ல மாட்டார்கள். நாம் டவரில் ஏறி கேபிளை மாற்றி, பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே ரேடியோவுக்குக் கரண்ட் அனுப்பும் அடாப்டர்) மாற்றி, ஆன்டெனாவைத் திருப்பி, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கி, கடைசியில் பார்த்தால் கோளாறு அவர்கள் மென்பொருளில் இருக்கும். என் கோபம் அங்கேதான்.

கோளாறு பெட்டியிலா, நம் வேலையிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் நம் பக்கத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். "ரேடியோ தானாக ரீபூட் ஆகிறது" என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பங்கு கேபிளில்தான் போய் முடிந்திருக்கிறது.

டவரிலிருந்து ஒரு துண்டு கேபிளை வெட்டி உள்ளே இருக்கும் ஒரு கம்பியைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடைக்காரர் கேட்6 என்று அச்சடித்த உறையோடுதான் கொடுத்திருப்பார். கணக்கைப் பாருங்கள். 24 வோல்ட் பாசிவ் பிஓஇ, 8 வாட் இழுக்கும் ரேடியோ, 60 மீட்டர் கேபிள். நல்ல செம்புக் கம்பியிலேயே வழியில் சுமார் 2 வோல்ட் போய்விடும். அலுமினியத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் போகும். கரண்ட் கட் ஆகி பேட்டரி 22 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் மேலே போய்ச் சேர்வது 19க்குக் கீழேதான். ரேடியோ தத்தளிக்கும், அணையும், மறுபடி எழும். கரண்ட் இருக்கும்போது நன்றாக ஓடி, கட் ஆன அரைமணி கழித்து மட்டும் விழுகிற லிங்க் என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

ஈதர்நெட் போர்ட் எந்த வேகத்தில் பேசுகிறது என்று பாருங்கள். 100 மெகாபிட்டில் இருக்க வேண்டியது 10க்கு இறங்கியிருந்தாலும், எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலும், கிரிம்ப்பிங் (கம்பிகளை முனையில் அழுத்திப் பொருத்துவது) சரியில்லை அல்லது கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக்காற்று ஒரே வருடத்தில் பின்னைப் பச்சையாக்கிவிடும்.

அடுத்தது சிக்னல். 5 கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ். திறந்த வெளியில் ஏற்படும் இழப்பு சுமார் 122 டெசிபல். உங்கள் பக்கம் ஆன்டெனாவோடு சேர்த்து 36 டிபிஎம் போகிறது, வாடிக்கையாளர் வீட்டில் சிக்னலை 23 டிபிஐ கூட்டித் தரும் தட்டு ஆன்டெனா என்று வைத்துக்கொண்டால் அங்கே மைனஸ் 63 டிபிஎம் பக்கம் வர வேண்டும். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். மைனஸ் 78 காட்டினால் பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள், தட்டைத் திருப்புங்கள். அப்படியும் வராவிட்டால் வழியில் மரம் இருக்கிறது.

இந்த மரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. ஜனங்களுக்குப் பட்ட அந்த அடியைப் பேச இது இடமில்லை. எங்கள் தொழிலில் நடந்தது இது: அதுவரை மறைத்துக்கொண்டிருந்த தோப்புகள் இல்லாமல் போனதால் பல இடங்களில் புதிதாக நேர்ப்பார்வை கிடைத்தது, குட்டையான கம்பத்திலேயே லிங்க் போட்டோம். அப்போது வைத்த கன்றுகள் இன்று வளர்ந்து நிற்கின்றன. 5 கிலோமீட்டர் லிங்கின் நடுவில் நேர்க்கோட்டைச் சுற்றி 8 மீட்டர் ஆரத்துக்கு ஃபிரெனல் வளையம், அதாவது ரேடியோ அலை பரவிப் போகும் இடம், இருக்கிறது. அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 5 மீட்டர் பக்கம், காலியாக இருக்க வேண்டும். கண்ணுக்கு எதிர் டவர் தெரிகிறது, ஆனால் மட்டை அந்த வளையத்துக்குள் ஆடுகிறது. காற்றடித்தால் மட்டும் வேகம் குறைகிறது என்ற புகாரை நான் ஒரு காலத்தில் கம்பெனிக்கு டிக்கெட்டாகவே (எழுத்தில் பதியும் புகார்) போட்டிருக்கிறேன். தோப்புக்காரர்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இதெல்லாம் பார்த்து, வேறு கேபிள், வேறு பிஓஇ, அதே மாடலில் வேறு பெட்டி என்று மாற்றியும் அதே கோளாறு வந்தால், அதன் பிறகு கம்பெனியைக் கேளுங்கள். அப்போது உங்கள் கேள்விக்கு எடை இருக்கும்.

இடி விழுந்த பிறகு போர்ட் மட்டும் செத்துப்போகிறது. வாரண்டி உண்டா?

பெரும்பாலும் கிடையாது. மின்னல், அதிக வோல்டேஜ், தண்ணீர் இறங்கியது ஆகியவற்றை வாரண்டி விதிகளிலேயே விலக்கி வைத்திருப்பார்கள். 24 வோல்ட் பெட்டிக்கு 48 வோல்ட் பிஓஇ செருகி எரித்ததும் இதில் சேரும். டவரில் வேலை செய்யும் பையன்கள் அவசரத்தில் அடாப்டரை மாற்றிச் செருகுவதால், நான் எல்லா 48 வோல்ட் அடாப்டரிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். ஷீல்டு உள்ள கேபிள், இரண்டு முனையிலும் சர்ஜ் காப்பான், ஒழுங்கான எர்த்திங். இதற்கு ஆகும் செலவு இரண்டு மழைக்காலத்தில் திரும்பி வந்துவிடும்.

புதிய ஃபர்ம்வேர் வந்ததும் ஏற்றிவிடலாமா?

ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள் ஓடும் மென்பொருள். ஏற்றாமலும் இருக்க முடியாது, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவும் முடியாது. இந்தத் தொழிலின் பெரிய வேதனையே இதுதான்.

ஒரு டிசம்பர் இரவு 1 மணிக்கு ஒரு டவரின் ஆக்சஸ் பாயிண்டில், அதாவது வீட்டு ரேடியோக்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியில், புதிய பதிப்பை ஏற்றினேன். அதில் 41 வீடுகள். காலையில் பார்த்தால் எல்லாம் பச்சை. சாயங்காலம் 7 மணி, வீட்டுக்கு வந்தவர்கள் போனையும் டிவியையும் திறக்கும் நேரம். 41 வீடும் ஒரே நொடியில் விழுந்தன. இரண்டு நிமிடத்தில் ஒவ்வொன்றாக எழுந்தன. 7.40க்கு மறுபடி. மறுநாளும் அதே நேரம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் புதிய பதிப்பு பழையதை ஏற்றுக்கொள்ள மறுத்தது.

டிக்கெட் போட்டேன். முதல் பதில் மூன்றாம் நாள் வந்தது: "சப்போர்ட் ஃபைலை அனுப்புங்கள்." பெட்டி தன் நிலையைப் பதிந்து தரும் அந்தக் கோப்பை முதல் டிக்கெட்டிலேயே இணைத்திருந்தேன், மறுபடி அனுப்பினேன். ஆறாம் நாள்: "ஃபேக்டரி ரீசெட் செய்து கைமுறையாக கான்ஃபிகரேஷன் போடுங்கள்." செய்தேன். பலன் இல்லை. பத்தாம் நாள்: "சுற்றிலும் இரைச்சல் அதிகமாக இருக்கலாம், சேனலை மாற்றிப் பாருங்கள்." மாற்றினேன். அந்த டவரில் ஏறுவதற்கு ஒவ்வொரு முறையும் வயல் வரப்பில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நெற்பயிர் நின்ற காலம் அது, வரப்பு வழுக்கும்.

அந்த 41 பேரில் ஒருவர் இ-சேவை மையம் நடத்தும் அக்கா. "தம்பி, பகல்ல ஜனம் வயலுக்குப் போயிடும். ஏழு மணிக்குத்தான் என் கடைக்கு ஆளே வரும். அந்த நேரம் பார்த்து நெட்டு போனா நான் யாருக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். என்னிடமும் பதில் இல்லை.

பத்தொன்பதாம் நாள் அடுத்த பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஒரு வரி: அதிக லோடில் ஆக்சஸ் பாயிண்ட் ரீபூட் ஆகும் பிரச்சினை சரிசெய்யப்பட்டது. ஒரு வரியைச் சரிசெய்து எழுதியிருக்கிறார்கள் என்றால், அதைச் சோதித்துப் பார்த்த நாட்கள் எத்தனை? அத்தனை நாளும் அவர்களுக்குத் தெரியும். பத்தாம் நாள் என்னைச் சேனல் மாற்றச் சொன்னபோதும் அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். "தெரிந்த கோளாறு, சரிசெய்து கொண்டிருக்கிறோம், அதுவரை இந்தப் பதிப்பை ஏற்றாதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் 41 வீட்டுக்கும் போன் போட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆறு வீடு என்னை விட்டுப் போனது.

இப்போது நான் செய்வது: புதிய பதிப்பை முதலில் என் அலுவலக மாடி லிங்கில் ஏற்றுவேன். ஒரு வாரம் கழித்து, சொல்லி ஒப்புதல் வாங்கிய ஐந்தாறு வீடுகள் இருக்கும் சிறிய டவரில். அங்கே இரண்டு சனி, ஞாயிறு மாலைகளைத் தாண்டினால்தான் மற்ற இடங்களுக்கு. பழைய பதிப்பின் கோப்பைக் கணினியில் தனியாக எடுத்து வைத்திருப்பேன், கம்பெனி தன் தளத்திலிருந்து எப்போது எடுத்துவிடும் என்று தெரியாது.

அப்படியானால் ஏற்றாமல் விட்டுவிட்டால் என்ன?

2016 மே மாதம் நடந்ததைப் படித்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

யுபிக்விட்டியின் ஏர்ஓஎஸ் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் வெளியிலிருந்து ஒருவர் பெட்டிக்குள் கோப்பை ஏற்றிவிட முடியும். கம்பெனி அதை 2015 ஜூலையிலேயே 5.6.2 பதிப்பில் அடைத்துவிட்டது. பத்து மாதம் கழித்து அந்த ஓட்டை வழியாக ஒரு புழு, அதாவது தானாகவே பரவும் கெட்ட நிரல், கிளம்பியது. ஒரு கெட்ட வார்த்தையைப் பயனர் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் வைத்துக்கொண்டு உள்ளே புகும், ஆபரேட்டர் தன் பெட்டியின் பக்கத்துக்கே போக முடியாதபடி அடைக்கும், அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்குத் தாவும். பல பெட்டிகளை ஃபேக்டரி நிலைக்குத் திருப்பியும் விட்டது. அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், அமெரிக்கா என்று பல நாடுகளில் ஆபரேட்டர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஃபேக்டரி நிலைக்குப் போன பெட்டியைத் தூரத்திலிருந்து பிடிக்க முடியாது. ஒவ்வொரு வீட்டு மாடிக்கும் ஏற வேண்டும். ஆயிரம் வாடிக்கையாளர் இருந்தால் ஆயிரம் மாடி.

தீர்வு வந்து பத்து மாதம் ஆகியும் ஏன் ஏற்றவில்லை என்று அப்போது பலர் ஆபரேட்டர்களைத் திட்டினார்கள். பாதி நியாயம். நிர்வாகப் பக்கத்தை வெளி இணையத்துக்குத் திறந்து வைத்தது நம் தவறுதான், அதில் சாக்கு சொல்ல முடியாது. மீதிப் பாதி என்ன? முந்தைய அப்டேட்டுகளில் கை சுட்டுக்கொண்டவன் அடுத்த அப்டேட்டைத் தொடப் பயப்படுவான். பாதுகாப்புத் தீர்வையும் புதிய வசதிகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால், அதில் ஒன்று மட்டும் வேண்டும் என்பவனுக்கு வழி இல்லை. புழுவுக்குப் பிறகு வந்த 5.6.5 பதிப்பையே பாருங்கள். புழுவை நீக்கியது, நல்லது. கூடவே ஆபரேட்டர்கள் சொந்தமாக எழுதிப் போட்டிருந்த ஸ்கிரிப்ட்களை ஓடவிடாமல் நிறுத்திவிட்டது. புழு ஒளிந்த இடம் அதுதான் என்பதால் காரணம் புரிகிறது. அந்த ஸ்கிரிப்டை நம்பி லிங்க் நடத்தியவன் நிலைமை?

நிலையில்லாத அப்டேட் தருகிற கம்பெனி, தன் வாடிக்கையாளரை அப்டேட் செய்யாமல் இருக்கப் பழக்குகிறது. அடுத்த புழு அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஏறி வரும்.

மைக்ரோடிக் ரூட்டர் பாதுகாப்பானதா?

2018 ஏப்ரலில், ரூட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாகப் பயனர் பட்டியலையே படித்துவிடும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பொதுப் பதிவு எண் சிவிஇ-2018-14847. கம்பெனி வேகமாகத் தீர்வு கொடுத்தது, இதில் அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஆகஸ்டுக்குள் ஏற்றாத ரூட்டர்கள் லட்சக்கணக்கில் பிடிபட்டு, அவற்றின் வழியே போகிறவர்களின் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் செருகப்பட்டது. பலரும் தவறவிட்ட இன்னொன்று: அப்டேட் ஏற்றியவர்களில் பலர் கடவுச்சொல்லை மாற்றவில்லை. அதற்கு முன்பே அது திருடு போயிருந்தால் அப்டேட்டால் பயன் இல்லை. 2021ல் மெரிஸ் என்ற பெயரில் நடந்த பெரிய தாக்குதல்களில் இப்படி 2018லேயே பிடிபட்ட ரூட்டர்கள் பயன்பட்டன. ஆகவே இரண்டையும் செய்யுங்கள். வின்பாக்ஸ் போர்ட்டை உங்கள் சொந்த ஐபிக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

சப்போர்ட்டுக்கு எப்படி எழுதினால் உருப்படியான பதில் வரும்?

"நெட் ஸ்லோ, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால் "ரீஸ்டார்ட் செய்யவும்" என்றுதான் வரும். முதல் நிலையில் இருப்பவர் ஒரு பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்கிறார். அந்தப் பட்டியலில் இருப்பதை எல்லாம் நீங்களே செய்து முடித்துவிட்டதாக முதல் கடிதத்திலேயே காட்ட வேண்டும். நான் எழுதும் விதம் இது:

"மாடல் இது, சீரியல் நம்பர் இது, பதிப்பு இது. இதற்கு முந்தைய பதிப்பில் 90 நாள் ரீபூட் இல்லாமல் ஓடியது. 4ம் தேதி இரவு 1.10க்கு அப்டேட் செய்தேன். 5ம் தேதி 19.02, 19.41, 20.15க்கு ரீபூட். மூன்று முறையும் இணைப்பில் 38 பேருக்கு மேல், மெமரி 92 சதவீதம். கேபிள், பிஓஇ, பெட்டி மூன்றையும் மாற்றிப் பார்த்தேன், அதே விளைவு. சப்போர்ட் ஃபைல் ரீபூட் ஆன ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தது, இணைத்திருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: இது உங்களுக்குத் தெரிந்த கோளாறா?"

கடைசி வரி முக்கியம். ஆம் அல்லது இல்லை என்று அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டி வரும். ரீபூட் ஆனால் பெட்டிக்குள் இருக்கும் லாக் (நடந்தவற்றின் பதிவு) அழிந்துவிடும் என்பதால் அந்தப் பதிவை, சிஸ்லாக் என்பார்கள், வெளியே ஒரு கணினிக்கு அனுப்பி வையுங்கள். பழைய கணினி ஒன்று போதும்.

மாலையில் லிங்க் தானாகச் சேனல் மாறிவிடுகிறது. பெட்டி பழுதா?

ரேடார் தவிர்ப்பு வேலை செய்கிறது. 5250 முதல் 5725 மெகாஹெர்ட்ஸுக்குள் பல நாடுகளின் விதிப்படி ரேடியோ முதலில் 60 நொடி காதைத் தீட்டிக் கேட்க வேண்டும், ரேடார் தட்டுப்பட்டால் அந்தச் சேனலை விட்டு 30 நிமிடம் ஒதுங்க வேண்டும். விமானம், வானிலை ரேடார்களுக்காக வந்த விதி, மதிக்க வேண்டியது. ஆனால் பக்கத்து டவரின் இரைச்சலையே ரேடார் என்று தப்பாகப் புரிந்துகொள்ளும் பெட்டிகளும் உண்டு, இது கம்பெனிகள் மீது பழைய புகார். நாட்டுக் குறியீட்டைப் பொய்யாகப் போட்டு இதை அணைக்காதீர்கள். இந்தியாவில் 2018 அக்டோபர் அறிவிப்புக்குப் பிறகு 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் உரிமமில்லாமல் திறந்திருக்கிறது. 5725க்கு மேல் இடம் தேடுங்கள்.

ஒரே கம்பெனி சாமான்களையே வாங்குவது நல்லதா?

வசதிதான். ஆனால் பூட்டு உங்கள் கையில் இருக்காது.

இந்த ரேடியோக்கள் சாதாரண வைஃபையில் பேசுவதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் யார் எப்போது பேச வேண்டும் என்று நேரம் பிரித்துக் கொடுக்கும் சொந்த முறையை வைத்திருக்கிறது. ஒரு கம்பெனி ஆக்சஸ் பாயிண்ட்டோடு இன்னொரு கம்பெனியின் வீட்டு ரேடியோ சேராது. ஆக, டவரில் இருக்கும் ஒரு பெட்டியை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டும் என்றால் 41 வீட்டிலும் மாற்ற வேண்டும். ஒரே கம்பெனிக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. யுபிக்விட்டி ஏசி என்ற புதிய ரேடியோ வரிசையைக் கொண்டுவந்தபோது பழைய எம் வரிசை ரேடியோக்கள் அதோடு சேரவில்லை. சேரும்படி செய்த மென்பொருள் பின்னால்தான் வந்தது, அதற்குள் பலர் வீடு வீடாக மாற்றி முடித்திருந்தார்கள்.

இந்தப் பூட்டை உடைக்க ஒரு முயற்சி நடந்தது. மோட்டரோலாவின் கேனபி தொழிலிலிருந்து 2011ல் பிரிந்த கேம்பியம், எலிவேட் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. வீட்டில் இருக்கும் யுபிக்விட்டி ரேடியோவில் அதை ஏற்றினால் அது கேம்பியம் டவரோடு பேசும். மாடி ஏறாமலே கம்பெனி மாறலாம். யுபிக்விட்டி 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்பதில் நம் பேச்சு எவ்வளவு எடுபடும் என்பதை அந்த வழக்கைப் பார்த்துத்தான் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

கம்பெனியே கை மாறுவதும் உண்டு. மிமோசா என்ற ரேடியோ கம்பெனியை 2018ல் ஏர்ஸ்பான் வாங்கியது. 2023ல் ஜியோ குடும்பத்தின் ரேடிசிஸ் 6 கோடி டாலருக்கு வாங்கியது. நாம் யாரோடு போட்டி போடுகிறோமோ அந்த வீட்டிலேயே நம் ரேடியோவின் மென்பொருள் எழுதப்படும் நிலைமையும் வரலாம்.

என் வழி: டவருக்கும் டவருக்கும் இடையே போகும் பெரிய லிங்க் ஒரு கம்பெனி, வீடுகளுக்குப் போவது வேறு கம்பெனி, ரூட்டர் மூன்றாவது. ஒருவர் கைவிட்டாலும் எல்லாம் ஒரே நாளில் விழாது. இந்தியாவில் 2021 ஜூன் 15 முதல் உரிமம் பெற்றவர்கள் நம்பகமான சாதனமாக ஏற்கப்பட்டதைத்தான் புதிதாக நெட்வொர்க்கில் சேர்க்கலாம். ஆகவே வேறு கம்பெனிக்குத் தாவும் முன் அந்தப் பக்கத்தையும் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆர்எம்ஏவில், அதாவது வாரண்டியில் சரிசெய்யவோ மாற்றவோ, கொடுத்த பெட்டி மூன்று மாதமாகத் திரும்பவில்லை. நீதிமன்றம் போகலாமா?

முதலில் பில்லைப் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் அல்லது மேக் ஐடி (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி நெட்வொர்க் எண்) இருக்க வேண்டும். சில நூறு ரூபாய் குறைவு என்று அதிகாரப்பூர்வமில்லாத வழியில் வந்த பெட்டியை வாங்கியிருந்தால் கம்பெனி "எங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் விற்கவில்லை" என்று முடித்துவிடும்.

2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது: சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே தானே பயன்படுத்த வாங்கியது வியாபார நோக்கம் ஆகாது. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு பையனை வைத்து ஐம்பது இணைப்பு நடத்துபவருக்கு அந்தக் கதவு திறக்க வாய்ப்பு உண்டு. பத்து ஆள் வைத்து நடத்துபவருக்குக் கடினம், அவர் 1930ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டப்படி சிவில் வழியில் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் உங்களுக்குப் பில் கொடுத்த டீலரையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், வெளிநாட்டுக் கம்பெனியை மட்டும் அல்ல.

உதிரி எத்தனை வைத்திருக்கலாம்?

டவரில் இருக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று, கான்ஃபிகரேஷன் போட்டே. வீட்டு ரேடியோ, இருபதுக்கு ஒன்று. பிஓஇ அடாப்டர், தாராளமாக.

வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது?

உண்மையை. "இது கம்பெனி மென்பொருள் கோளாறு, நான் சரிசெய்ய முடியாது, டிக்கெட் போட்டிருக்கிறேன், இந்த மாதம் பாதி வாடகை போதும்." இதைச் சொல்ல எனக்கு நாலைந்து வருடம் ஆனது. முன்பெல்லாம் "மெயின் லைனில் வேலை நடக்கிறது" என்பேன். அந்த இ-சேவை அக்காவிடம் பத்தொன்பதாம் நாள் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். "இத முதல் நாளே சொல்லியிருந்தா நான் போன் நெட்டை வச்சு ஓட்டியிருப்பேனே தம்பி" என்றார். கம்பெனி எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

கம்பெனிக்காரர்களிடம் நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன கேட்பீர்கள்?

தெரிந்த கோளாறுகளின் பட்டியலைப் பதிப்பு வாரியாக வெளியிடுங்கள், தீர்வு கையில் இல்லாவிட்டாலும் வெளியிடுங்கள். பாதுகாப்புத் தீர்வைப் புதிய வசதிகளிலிருந்து பிரித்துக் கொடுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை அடைக்காதீர்கள். ஒரு மாடலை எந்த வருடம் வரை ஆதரிப்பீர்கள் என்று விற்கும்போதே பெட்டி மேல் அச்சிடுங்கள். கூடுதல் விலை கேட்டாலும் பரவாயில்லை, போனை எடுக்க ஆள் வையுங்கள். அந்த ஆளுக்குத் தொழில்நுட்பம் தெரிந்திருக்கட்டும்.

ஃபைபர் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. இனி எதற்கு இந்த ரேடியோ சண்டை?

ஃபைபர் போகிற இடத்தில் நானும் ஃபைபர்தான் இழுக்கிறேன். என் இணைப்புகளில் பாதி இப்போது அதில்தான். ஆனால் வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு வந்து பாருங்கள். பாத்திகளுக்கு நடுவே ஒரு கொட்டகை, உப்பு எடை போட்டு ரசீது அடிக்கும் இடம். சுற்றிலும் உப்புத் தண்ணீர், கம்பம் நட்டால் இரும்பு இரண்டு வருடம் தாங்காது, ஒரு இணைப்புக்காகக் கேபிள் புதைக்க யாரும் வரமாட்டார்கள். கொட்டகைக் கூரையில் ஒரு தட்டு, எதிரே 4 கிலோமீட்டரில் என் டவர், நடுவில் ஒரு மரம்கூடக் கிடையாது. மைனஸ் 61. போன மாதம் அதில் ஆர்ஜே45 மட்டும் மாற்றினேன். பெட்டி ஆறாவது வருடமாக ஓடுகிறது, பழைய பதிப்பில். கம்பெனி அந்த மாடலுக்கு இனி தீர்வு வராது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று நான்கு டீலரிடம் கேட்டிருக்கிறேன், இருவர் பதில் சொல்லியிருக்கிறார்கள்.